வெளியேறும் வாயில்

அடைத்தல் எளிது, திறத்தல் அரிது. திருமறைக்காட்டுத் திருக்கோயிலிலே மறைகள் வழிபட்டு அடைத்துச் சென்ற கதவைத் திறத்தற்பொருட்டு அப்பரடிகள் பதிகம் பாடினார் என்பதும், திறந்த கதவை மீண்டும் அடைத்தற்பொருட்டு ஆளுடைய பிள்ளையார் பாடினார் என்பதும் சைவ மக்கள் அறிந்த வரலாறு. பிள்ளையார் பாடத் தொடங்கிய அளவிலே கதவு அடைத்துக்கொண்டது. அப்பரடிகளோ பதிகத்தைப் பாடி முடிக்கும்வரை காத்து நிற்க வேண்டியிருந்தது. திறப்பதற்குக் காலம் தாழ்த்தமையை எண்ணி அடிகள் உள்ளம் நொந்தார் என்பது பெரிய புராணம் தரும் செய்தி. அவ்வரலாற்றின் உட்பொருளை விரித்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. கதவின் இயல்பு ஒன்றினை அது நமக்கு நினைவூட்டுகின்றது என்பதே ஈண்டு வேண்டப்படுவது. அடைக்கும் வேளையிலே தாமதம் நேர்ந்தால் பொருள் போகலாம். திறக்கும் வேளையிலே தாமதம் நேர்ந்தால் உயிரே போகலாம்.

இக்காலத்துக் கதவுகள் பல மின்னாற் பூட்டப்படுகின்றன. வங்கியிலும், வைத்தியசாலையிலும், வணிக நிலையங்களின் அலுவலகங்களிலும் இரும்புத் திறப்பின் இடத்தை ஓர் அட்டையோ, விரற்பதிவோ, இரகசிய எண்ணோ பிடித்துக்கொண்டது. உள்ளே செல்ல உரிமையுடையோர் யார், அவர் எத்தனை மணிக்குச் சென்றார் என்பவற்றையெல்லாம் அவ்வியந்திரம் கணக்கு வைத்துக்கொள்கின்றது. இவ்வாறு அமைந்த கதவின் உட்புறத்தே, சுவரிலே, பச்சை நிறத்தில் ஒரு சிறு அழுத்தான் இருப்பதைப் பலரும் கண்டிருப்பர். அதனை அழுத்தினாற் கதவு திறக்கும். சுவிச்சு என்று பேச்சு வழக்கிலே நாம் கூறுவதை நம் விஞ்ஞானப் பாடநூல்கள் ஆளி என்னும். ஆதலின் இதனை வெளியேறும் ஆளி எனலாம். உள்ளே புகும் இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கையிற் பன்முறை ஆராயும் நாம், வெளியேறும் ஆளியைப் பற்றி ஒருமுறையேனும் வினவுவதில்லை. அதனை வினவுதல் வேண்டும் என்பதே என் கருத்து.

தமிழாசிரியன் ஒருவனுக்கு மின்பூட்டைப் பற்றி என்ன பேச்சு என்று அன்பர்கள் எண்ணக்கூடும். யான் மின்னியல் கற்றவன் அல்லேன். ஆயினும் ஒரு மாலைப்பொழுது இவ்வாளியைப் பற்றிக் கற்கும் கடமையை என்மேற் சுமத்திவிட்டது. அதனை முதலிற் கூறிவிடுகின்றேன். 

அடைபட்ட மாலை

சில ஆண்டுகளுக்கு முன், மாரிகாலத்து நாளொன்றிலே, பேச்சுப் போட்டிக்காக மாணவர் எண்மரை அழைத்துக்கொண்டு நகரத்துக் கட்டடமொன்றின் மேல்மாடிக்குச் சென்றிருந்தேன். அக்கட்டடம் யாருடையது என்பது இங்கு வேண்டுவதன்று. போட்டி முடிந்து ஏனையோர் சென்றுவிட்டனர். நாங்கள் மழை விடட்டும் என்று சற்றே தங்கினோம். அவ்வேளை மின்சாரம் நின்றது. புறப்படுவோம் என்று கதவண்டை சென்று பச்சை அழுத்தானை அழுத்தினேன். கதவு அசையவில்லை. மீண்டும் மீண்டும் அழுத்தினேன். மாணவர் இருவர் தோள்கொடுத்துத் தள்ளியும் பார்த்தனர். பயனில்லை. அட்டை வைத்திருந்த பாதுகாவலர் தேநீர் அருந்தக் கீழே சென்றிருந்தார். யன்னல்களுக்கு இரும்புக் கம்பி அடித்திருந்தது.

ஏறத்தாழ இருபது நிமிடம் அவ்விருளிலே நின்றோம். மாணவர்கள் முதலில் நகைத்தனர். பின்னர் நகைப்பு அடங்கிற்று. சிறியவன் ஒருவன் என் கையைப் பற்றிக்கொண்டான். அவனுக்கு ஆறுதல் கூறுவதற்கு எனக்கு வாய் எழவில்லை. ஒன்றும் நேரவில்லை, மின்சாரம் வந்தது, கதவும் திறந்தது. எனினும் அவ்விருபது நிமிடத்திலே கீழ்த்தளத்திலிருந்து புகை எழுந்திருக்குமாயின் என் செய்திருப்பேன் என்ற எண்ணம் பல இரவுகள் என் உறக்கத்தைக் கெடுத்தது.

என்னிடம் முன்னர்ப் படித்து, இப்போது மின்னிணைப்புத் தொழில் புரியும் பழைய மாணவர் ஒருவரிடம் இதனைச் சொன்னேன். மின் போனதனாற் கதவு அடைபட்டது போலும் என்றேன். அவர் தலையசைத்து மறுத்தார். “இல்லை சேர். மின் போனதால் அடைபடவில்லை. பூட்டுக்கு மின் போகாமல் இருந்ததால்தான் அடைபட்டது” என்றார். அவர் கூறியது முதலில் விடுகதை போலத் தோன்றிற்று. அதன் விடையே இக்கட்டுரையின் உயிர்.

மின்காந்தப் பூட்டு

கம்பியினூடே மின் ஓடும்போது அருகிலுள்ள திசைகாட்டியின் ஊசி திரும்புகின்றது என்பதை 1820 ஆம் ஆண்டிலே தென்மார்க்கு நாட்டு அறிஞர் ஏர்ஸ்டெட் கண்டார். இரும்புத் துண்டொன்றின்மேற் கம்பியைச் சுருளாகச் சுற்றி மின்னைச் செலுத்தின் அவ்விரும்பு வலிய காந்தமாகும் என்பதை 1825 இலே ஆங்கிலேயராகிய வில்லியம் ஸ்டேர்ஜன் உலகிற்குக் காட்டினார். மின் ஓடுமளவும் அது காந்தம். மின் நின்றால் வெறும் இரும்பு. இவ்வுண்மையே மின்காந்தப் பூட்டின் அடிப்படை.

கதவு நிலையின் மேற்பகுதியில் மின்காந்தம் ஒன்றும், அதற்கு நேரே கதவில் உருக்குத் தகடு ஒன்றும் பொருத்தப்படும். கதவு சாத்தப்பட்டதும் காந்தம் தகட்டைக் கவ்விக்கொள்ளும். தாழில்லை, நாக்கில்லை, அசையும் உறுப்பு எதுவுமில்லை. பரவலாக வழங்கும் ஒருவகைப் பூட்டுக்கு 12 உவோற்று அழுத்தத்தில் ஏறத்தாழ அரை அம்பியர் மின் போதும். கணக்கிட்டாற் 6 உவாற்று. ஒரு சிறு மின்குமிழுக்கு வேண்டிய அளவே. அவ்வளவு சிறிய மின்னைக்கொண்டு அது 272 கிலோகிராம் இழுவையைத் தாங்கி நிற்கும். ஏறத்தாழ நான்கு நெல் மூடைகளின் பாரம் எனலாம். அதனினும் இருமடங்கு வலிமையுடையனவும் உள. என் மாணவர் இருவர் தோள்கொடுத்துத் தள்ளியும் கதவு அசையாமையின் காரணம் இதுவே.

இப்பூட்டுக்கு ஒரு நற்பண்பு உண்டு. பிடித்தல் மின்னின் தொழில். மின் அற்றால் அது தானே விட்டுவிடும். கனடாவின் மொன்றியல் நகரிலே போரம் என்னும் விளையாட்டரங்கின் கதவுகளுக்காக 1969 இல் சப்பர்ஸ்டீன் என்பவர் இதனை வகுத்தார். தீ நேர்ந்தாற் கதவுகள் எல்லாம் உடனே விடுபட வேண்டும் என்ற கவலையே அதனைத் தோற்றுவித்தது. அஃதாவது, மனிதரை அடைத்து வைப்பதற்கன்று, வேண்டும் வேளையில் விட்டுவிடுவதற்கே இப்பூட்டுப் பிறந்தது. பிற்காலத்தோர் பிடித்தலைப் போற்றினர், விடுதலை மறந்தனர்.

வேறொரு வகைப் பூட்டும் உண்டு. அதிலே வழக்கமான நாக்கும் கைப்பிடியும் இருக்கும். வெளிப்புறத்தை மட்டும் மின் ஆளும். இவற்றுட் சில மின் அற்றாற் திறந்துகொள்ளும். சில மின் அற்றாலும் வெளியார்க்கு அடைந்தே நிற்கும். ஆனால் எவ்வகையாயினும், உட்புறத்துக் கைப்பிடியைத் திருப்பினாற் கதவு திறக்கும். அங்கே மின்னுக்கு வேலையில்லை, கையே போதும். இத்தகைய கதவுக்கு வெளியேறும் ஆளியும் வேண்டியதில்லை. இயலுமிடத்தெல்லாம் இதுவே சாலச் சிறந்தது என்று அறிந்தோர் கூறுவர். கைப்பிடியில்லாத காந்தக் கதவுக்குத்தான் ஆளி இன்றியமையாதது.

கேட்கும் ஆளியும் அறுக்கும் ஆளியும்

இனி விடுகதையை விடுவிப்போம். பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் பச்சை அழுத்தான்களுள்ளே இருவகை இணைப்பு உண்டு.

முதலாவது, கேட்கும் ஆளி. அழுத்தானை அழுத்தியதும், அறையின் ஒரு மூலையிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு ஒரு செய்தி செல்கின்றது: ‘உள்ளிருப்பவர் வெளியேற விரும்புகின்றார்’ என்று. பெட்டி அச்செய்தியை ஏற்றுக் காந்தத்துக்குச் செல்லும் மின்னை நிறுத்துகின்றது. பெட்டி நலமாயிருக்கும்வரை குறையொன்றுமில்லை. பெட்டி உறங்கினால்? கம்பியை எலி கடித்திருந்தால்? கேட்பவன் கேட்டுக்கொண்டே நிற்பான், விடையளிப்பார் இல்லை.

இரண்டாவது, அறுக்கும் ஆளி. காந்தத்துக்குச் செல்லும் மின் இவ்வாளியினூடேதான் சென்றாகவேண்டும். அழுத்தியதும் அம்மின்னோட்டம் அவ்விடத்திலேயே அறுபடும். எவரையும் கேட்பதில்லை, எப்பெட்டியின் தயவும் வேண்டுவதில்லை. அன்றியும், ஆளிக்குச் செல்லும் கம்பி எக்காரணத்தால் அறுந்தாலும் மின் நின்று, கதவு தானே விடுபடும். பழுது நேர்ந்தாலும் அப்பழுது உள்ளிருப்பவர் பக்கமே சாய்கின்றது.

வகுப்பறையிலிருந்து ஓர் உதாரணம் கூறுகின்றேன். பாடவேளையில் மாணவன் எழுந்து நின்று, “சேர், வெளியே போகலாமா?” என்று கேட்கின்றான். அது நல்லொழுக்கம். ஆனால் கூரையிலே தீப்பற்றும்போதும் அவ்வாறே கேட்டு நிற்கவேண்டும், ஆசிரியர் மயங்கி விழுந்துகிடப்பினும் விடை கிடைக்கும்வரை அமர்ந்திருக்கவேண்டும் என்று விதிப்பார் உளரோ? கேட்கும் ஆளியை மட்டும் பொருத்திய கட்டடம் அவ்விதியையே விதிக்கின்றது.

நாங்கள் அடைபட்ட கட்டடத்திலே நிகழ்ந்ததும் இதுதான். கட்டுப்பாட்டுப் பெட்டி சுவரிலுள்ள மின்னிணைப்பைக்கொண்டு இயங்கிற்று. மின்வெட்டு நேர்ந்ததும் அது நின்றுவிட்டது. காந்தத்துக்கோ தனியே ஒரு பற்றரி வைத்திருந்தனர். ஆகவே காந்தம் முழுவலியோடு பிடித்துக்கொண்டிருந்தது. யான் அழுத்திய அழுத்தான் உயிரற்ற பெட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தது. பூட்டுக்கு மின் போகாமையால் அடைபட்டோம் என்ற பழைய மாணவரின் வாக்கின் பொருள் இப்போது விளங்கும்.

நன்றாக அமைந்த கதவிலே இரண்டும் ஒருங்கே இருக்கும். ஒரே அழுத்தானின் உள்ளே இரண்டு தொடுகைகளை அமைத்து, ஒன்றினால் மின்னை நேரே அறுப்பர். மற்றதனாற் பெட்டிக்குச் செய்தி அனுப்புவர். பெட்டி கணக்கெழுதிக்கொள்ளட்டும், கதவைத் திறக்கும் அதிகாரம் கையிலேயே இருக்கட்டும்.

வரலாறு புகட்டிய பாடம்

இவ்விதிகள் அறிவாளர் அறையிலிருந்து சிந்தித்துக் கண்டவையல்ல. ஒவ்வொன்றின் பின்னும் பிணக்குவியல் உண்டு.

1883 ஆம் ஆண்டு யூன் மாதம் 16 ஆம் நாள், இங்கிலாந்தின் சண்டலாந்து நகரிலே, விக்ரோறியா மண்டபத்தில் சிறுவர்களுக்கென ஒரு வேடிக்கைக் காட்சி நடைபெற்றது. முடிவிலே பரிசுப்பொருள் வழங்கப்படும் என்று அறிவித்தனர். மேல்மாடியிலிருந்த பிள்ளைகள் தமக்குக் கிடையாது போய்விடுமோ என்று படிக்கட்டால் விரைந்து இறங்கினர். கீழே இருந்த கதவு உட்புறமாகத் திறப்பது. ஒருவர்பின் ஒருவராக வரட்டும் என்று அதனைச் சிறிதளவே திறந்து தாழிட்டிருந்தனர். முன்னே வந்த குழந்தை சிக்கிக்கொள்ள, பின்னே வந்தோர் அதன்மேல் விழ, 183 குழந்தைகள் மூச்சுத் திணறி மாண்டனர். ஒழுங்கை விரும்பியே அக்கதவைத் தாழிட்டனர் என்பதை நினைவிற் கொள்க. அதன்பின், 1892 இலே, ரொபேட் அலெக்சாந்தர் பிரிக்ஸ் என்பார் தள்ளுசட்டம் பொருத்திய கதவுக்குக் காப்புரிமை பெற்றார். குறுக்கே கிடக்கும் சட்டத்தின்மேல் உடல் சாய்ந்தாலே தாழ் விலகிக் கதவு வெளிப்புறமாகத் திறக்கும். கைக்கும் அறிவுக்கும் வேலையில்லை, சாய்தல் போதும். இன்றைய வெளியேறும் ஆளிக்கு அதுவே மூதாதை எனலாம்.

1911 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25 ஆம் நாள், நியூயோர்க்கு நகரிலே திறையாங்கிள் என்னும் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பற்றி 146 தொழிலாளர் இறந்தனர். பெரும்பாலோர் இளம்பெண்கள். ஒன்பதாம் மாடியின் கதவொன்று பூட்டப்பட்டிருந்தது. துணி களவு போகாதிருத்தற்பொருட்டுப் பூட்டினர் என்பர். அவ்வழிவின் பின்னர், 1913 இலே, ஐக்கிய அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் உயிர்ப்பாதுகாப்புக்கெனத் தனிக்குழுவொன்றை அமைத்தது. அக்குழுவின் உழைப்பால் 1927 இலே கட்டடங்களின் வெளியேறும் வழிகளுக்கான விதித்தொகுதி வெளிவந்தது.

நம் நாட்டுக்கு அயலிலும் இக்கொடுமை நிகழாமலில்லை. 1997 ஆம் ஆண்டு யூன் 13 ஆம் நாள், தில்லி நகரின் உபகார் திரையரங்கிலே புகை சூழ்ந்து 59 பேர் மாண்டனர். இருக்கைகளைக் கூட்டுவதற்காக வழியொன்றை அடைத்திருந்தனர். 2004 ஆம் ஆண்டு யூலை 16 ஆம் நாள், கும்பகோணத்திலே பள்ளிக்கூடமொன்றின் கீற்றுக்கூரையிற் தீப்பற்றி 94 குழந்தைகள் கருகினர். அங்கே மாடியிலிருந்து இறங்குவதற்கு ஒடுங்கிய படிக்கட்டே இருந்தது. 2012 ஆம் ஆண்டு நவம்பர் 24 ஆம் நாள், வங்காளதேசத்தின் டாக்கா நகரை அடுத்த ஆசுலியாவிலே ஆடைத் தொழிற்சாலையொன்றில் நூற்றுக்கு மேற்பட்ட தொழிலாளர் தீக்கு இரையாயினர். அங்கும் வழிகள் பூட்டியிருந்தன.

மின்னால் இயங்கும் கதவின் கொடுமையைத் தென்கொரியாவின் டேகு நகரம் கண்டது. 2003 ஆம் ஆண்டு பெப்ரவரி 18 ஆம் நாள், அந்நகரின் நிலக்கீழ்ப் புகையிரதத்திலே ஒருவன் தீ வைத்தான். எதிரே வந்து நின்ற இரண்டாவது புகையிரதத்திலும் தீ தாவிற்று. அதன் ஓட்டுநர் முதன்மைத் திறப்பைக் கழற்றிக்கொண்டு வெளியேறினார். பெட்டிகளின் கதவுகள் அடைந்து கிடந்தன. கதவைக் கையாற் திறக்கும் அமைப்பு இருந்தும், அதனை அறியாதார் பலர். அன்று மாண்டோர் 192 பேர். அவருட் பெரும்பாலோர் அவ்விரண்டாவது புகையிரதத்தில் இருந்தவர்கள். அமைப்பு இருந்தால் மட்டும் போதாது. அது இருப்பதும், அதனை இயக்கும் முறையும் எளியவனுக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

மேற்கூறியோருட் கதவைப் பூட்டியவர், வழியை அடைத்தவர் எவரும் கொலை செய்யும் எண்ணங்கொண்டவர் அல்லர். ஒருவர் ஒழுங்கை எண்ணினார். ஒருவர் களவை எண்ணினார். ஒருவர் வருமானத்தை எண்ணினார். வெளியேறுபவனை எண்ணினார் ஒருவருமில்லை.

நன்கமைந்த வாயிலின் இலக்கணம்

நூலுக்கு இலக்கணம் இருப்பதுபோல வாயிலுக்கும் இலக்கணம் உண்டு. மேற்குறித்த அமெரிக்கச் சங்கத்தின் இன்றைய விதித்தொகுதி, உள்ளிருந்து ஒருவர் அண்மியதும் உணரி உணர்ந்து விடுவிக்கும் மின்பூட்டுக் கதவுகளுக்கு வகுத்துள்ளவற்றைச் சுருக்கிக் கூறுகின்றேன். உணரி மட்டும் போதாது. கையால் அழுத்தும் ஆளியும் கதவின் அருகே இருத்தல் வேண்டும். அது கதவிலிருந்து ஏறத்தாழ 152 சதமமீற்றருக்குள் அமைய வேண்டும். நிலத்திலிருந்து ஏறத்தாழ 102 முதல் 122 சதமமீற்றர் உயரத்தில் இருத்தல் வேண்டும். சிறுவனுக்கும், சக்கர நாற்காலியில் இருப்பவர்க்கும் எட்டும் உயரம் அது. வெளியேற அழுத்துக என்ற அறிவிப்புத் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆளியை அழுத்தினாற் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சாராது பூட்டின் மின் நேரே அறுபட வேண்டும். அழுத்திய பின்னர்க் குறைந்தது 30 விநாடி கதவு பூட்டாது நிற்க வேண்டும். உணரிக்கோ பூட்டுக்கோ மின் அற்றாற் கதவு விடுபட வேண்டும். தீயறிவிப்பு மணி ஒலித்தாலும் அவ்வாறே விடுபட வேண்டும்.

உணரிக்குத் துணையாக ஆளியை ஏன் விதித்தனர் என்று வினவலாம். உணரிகளுட் பல உடலின் வெப்பத்தையும் அசைவையும் கண்டு இயங்குவன. புகைநிறைந்த அறையிலே நிலத்தோடு ஊர்ந்து வருபவனை அது காணும் என்பதற்கு உறுதியில்லை. விரலோ விறகோ தலையோ, எதனாலாயினும் அழுத்தத்தக்க ஒரு பொருள் இருப்பதே உறுதி.

கதவு எளிதாகத் திறக்குமாயிற் கள்வனும் எளிதாக வெளியேறுவானே என்பது கட்டட உரிமையாளர் சிலர் கூறும் தடை. அது முற்றிலும் தள்ளத்தக்கதன்று. ஆனால் அதற்கு மருந்து வேறு. கதவு திறந்ததும் மணி ஒலிக்கச் செய்யலாம், படக்கருவி பொருத்தலாம், விலையுயர்ந்த பொருளை உள்ளறையிலே தனியே பூட்டி வைக்கலாம். பொருளைப் பூட்டுக, ஆளைப் பூட்டற்க. களவுபோன பொருளுக்குக் கணக்குண்டு, ஈடுண்டு. மற்றதற்கு ஈடு எது?

நம் ஊருக்கு உரிய கவலைகள்

பிறநாட்டார் விதித்த இலக்கணம் நம் ஊருக்கு வரும்போது சில புதிய கவலைகளும் உடன் வருகின்றன. மின்வெட்டு அவற்றுள் முதலாவது. 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை நாடு இருளிற் கிடந்ததை யாரும் மறந்திரார். அரை அம்பியர் உண்ணும் பூட்டொன்றை 7 அம்பியர்-மணி கொண்ட புதிய பற்றரி கணக்கின்படி பதினான்கு மணி நேரம் தாங்கும். பழைய பற்றரி அதிற் பாதியும் தாங்காது. பற்றரி ஓய்ந்ததும் காந்தம் விட்டுவிடும். கட்டடம் திறந்து கிடக்குமே என்று அஞ்சிய உரிமையாளர்கள் கதவுக்கு இரும்பு நாதாங்கி அடித்து ஆமைப்பூட்டும் போட்டனர். மின்சாரம் வந்த பின்னரும் அந்நாதாங்கி நிலைத்துவிட்ட இடங்கள் உண்டு. காந்தமும் ஆளியும் ஆயிரம் விதிகளுக்கு அமைந்திருந்தாலும், ஆட்கள் உள்ளிருக்கும் வேளையில் அவ்வாமைப்பூட்டுத் தொங்குமாயின் அத்தனையும் வீண்.

உப்புக் காற்று இரண்டாவது. வாவியும் கடலும் இருபுறமும் சூழ்ந்த நம் ஊரிலே இரும்பு துருவேறுவதற்கு நாட்செல்லாது. ஆளியின் உள்ளேயுள்ள தொடுகைகளும் திருகாணிகளும் மெல்ல அரிக்கப்படும். வெளித்தோற்றத்திற் பச்சை அழுத்தான் புதிதாகவே மின்னும். உள்ளே அது மாண்டிருக்கலாம். மாதமொருமுறை அழுத்திப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. மின்னை நிறுத்திவிட்டு ஒருமுறையும், மின் இருக்கும்போது ஒருமுறையும் அழுத்திப் பார்த்தல் நன்று.

மொழி மூன்றாவது. தமிழாசிரியன் என்ற முறையில் இதனைக் கூறாது விடுதல் இயலாது. பல கட்டடங்களில் அவ்வழுத்தானின்மேல் ஆங்கில எழுத்தே காணப்படுகின்றது. படுவான்கரையிலிருந்து கடனுக்காக வங்கிக்கு வரும் விவசாயியும், வைத்தியசாலைக்கு வரும் மூதாட்டியும் அதனை எங்ஙனம் வாசிப்பர்? ‘வெளியேற அழுத்துக’ என்னும் இரு சொற்களைத் தமிழிலும், அவ்வாறே சிங்களத்திலும் எழுதுவதற்கு ஆகும் செலவு ஒரு கோப்பைத் தேநீரின் விலைக்கு மேற்படாது. தாய்மொழி உயிர்காக்கும் என்பது மேடைப் பேச்சன்று. இவ்விடத்திலே அது நேர்ப்பொருளில் உண்மை.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம்

இவ்விழா மலரை வாசிக்கும் பழைய மாணவருள்ளே பொறியியலாளர் உளர், வங்கி முகாமையாளர் உளர், வணிகர் உளர், கடல்கடந்து வாழ்வோரும் பலர் உளர். நம் கல்லூரிக்குக் கட்டடமும் கணினியும் அளித்து வருவோர் நீவிரே. விலையுயர்ந்த கருவிகள் வந்ததும் அவற்றைக் காக்க மின்பூட்டு வேண்டும் என்ற பேச்சும் உடன் வருவது இயல்பு. வேண்டாம் என்று கூறேன். கூடத்தைத் திறந்துவைக்கும் நாளிலே, நாடா வெட்டிய கையோடு, உள்ளே சென்று கதவைச் சாத்திக்கொண்டு நான்கு வினாக்களை மட்டும் வினவுங்கள். மின் நின்றால் இக்கதவு திறக்குமா? பெட்டி நின்றால் இவ்வாளி வேலை செய்யுமா? ஆறாம் வகுப்புச் சிறுவனுக்கு இது எட்டுமா, அவனுக்கு இதனை வாசிக்க முடியுமா? கதவிலே வேறு பூட்டு ஏதும் தொங்குகின்றதா? விடை தெரியாதாயின், மின்னை நிறுத்திவிட்டு நீவிரே அழுத்திப் பாருங்கள்.

மாணவர்க்கும் ஒரு சொல். எக்கட்டடத்துட் புகுந்தாலும், புகுந்த வழியன்றி வேறு வழி எங்கே உள்ளது என்று ஒருமுறை நோக்குங்கள். கதவு உட்புறமாகத் திறப்பதா, வெளிப்புறமாகத் திறப்பதா என்று காணுங்கள். அதற்கு ஒரு நொடி போதும். அச்சத்தினால் அன்று, அறிவினால் அதனைச் செய்யுங்கள்.

நம் முன்னோர் இப்பாடத்தை நூலிலிருந்து கற்கவில்லை, வாவியிடமிருந்து கற்றனர். வெயிற்காலத்திலே முகத்துவாரத்தை மணல் மூடிவிடும். அப்போது அதனாற் தீங்கில்லை. மாரி பொழிந்து வாவி நிரம்பி, வயல்களிலும் வீடுகளிலும் வெள்ளம் ஏறும்போது, அம்மணற்றிட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விட்டாகவேண்டும். வெட்டலாமா, யாரைக் கேட்பது என்று சிந்தித்து நிற்கும் நாழிகையிலும் வெள்ளம் ஏறிக்கொண்டே இருக்கும். அடைபட்டிருப்பது குற்றமன்று. வேண்டும் வேளையிலே திறவாமையே குற்றம்.

அன்று என் கையைப் பற்றிக்கொண்ட சிறுவன் இன்று வளர்ந்து பல்கலைக்கழகம் புகுந்துவிட்டான். அண்மையிற் சந்தித்தபோது, அம்மாலையை நினைவிருக்கின்றதா என்று வினவினேன். “இருக்கு சேர். இப்பவும் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கதவைத்தான் பார்ப்பேன்” என்றான். யான் அவனுக்குக் கற்பித்த இலக்கணத்துள் எத்தனை அவன் நினைவில் உளவோ அறியேன். இவ்விலக்கணம் ஒன்றேனும் நிலைத்தது. நம் கல்லூரியின் வாயில்கள் கற்க வருவோர்க்கு என்றும் திறந்திருக்க. உள்ளிருப்போர் வெளியேற வேண்டும் வேளையிலும் அவை அவ்வாறே திறந்துகொள்க.